ஆயாவின் செம்மணிச் சரம்: பழங்கண்ணாடி மணிகளை அறிவதும் அணிவதும்

நூலிழை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ஆறு மாதங்களுக்கு முன்பு மறைந்த எங்கள் ஆயாவின் தகரப் பெட்டியைச் சென்ற வாரம்தான் திறந்தோம். அதில் இரண்டு மணிச் சரங்கள் இருந்தன. முதலாவது மிளகைவிடச் சிறிய, செங்கல் நிறப் பாசிகளால் ஆனது. இடையிடையே மஞ்சளும் கறுப்பும், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சையும் உண்டு. ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. சில தட்டையாக இருக்கின்றன, சில பீப்பாய் போல இருக்கின்றன, சில ஒரு பக்கம் சாய்வாக வெட்டுப்பட்டிருக்கின்றன. இரண்டாவது சரம் அடர்நீலம். அதன் மணிகள் மிளகைவிடப் பெரியவை, ஆறு பக்கங்கள் கொண்டவை, ஓரங்களில் பட்டை தீட்டியவை.

ஆயா பிறந்தது அரியாங்குப்பத்தை அடுத்த காக்காயன்தோப்பில். மழை பெய்து ஓய்ந்த மறுநாள், ஆற்றங்கரையில் மண் அரித்த இடங்களில் சிறுமிகள் பாசி பொறுக்கப் போவார்கள் என்றும், பாவாடை மடிப்பில் முடிந்துகொண்டு வருவார்கள் என்றும் அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். செம்மணிச் சரம் அப்படிச் சேர்ந்தது என்றே நம்புகிறேன். நீலச் சரம் அவருடைய மாமியார் கொடுத்தது.

நான் ஓய்வு நேரத்தில் மணி கோத்து நகை செய்பவள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கடையில் 'அரிக்கமேட்டுப் பழமணி' என்று சொல்லிக் கொடுத்த சரத்தை நல்ல விலைக்கு வாங்கினேன். ஒரே கோடையில் அதன் பழுப்பு என் கழுத்து வியர்வையில் கரைந்து சட்டைக் காலரில் ஒட்டிக்கொண்டது. அதனால் இப்போது எதையும் எளிதில் நம்ப மனம் வரவில்லை. ஆயாவின் மணிகள் உண்மையில் எவ்வளவு பழையவை என்று எப்படி அறிவது? அவற்றை மீண்டும் கோத்து அணியலாமா? தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்ல வேண்டுகிறேன்.

சரடு

மகளே, எதைச் செய்வதற்கும் முன்பு ஒரு வேலை இருக்கிறது. நூலை அறுக்காதீர்கள். சரத்தை வெள்ளைத் துணியில் நீளமாகக் கிடத்தி, மணிகளின் வரிசை தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். சோப்பு நீரில் ஊறவைப்பது, பற்பசையால் தேய்ப்பது எதுவும் வேண்டாம். நாற்பது ஆண்டுகளாகச் சரம் கோக்கிறேன். பளபளப்பாக்குகிறேன் என்று சொல்லி மேற்தோலையே உரித்துவிட்ட மணிகளை எத்தனையோ பேர் அழாத குறையாக என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்கள்.

குழிக்கோடு

நூலிழை அவர்களே, அகழாய்வுக் குழிகளில் பல பருவங்கள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். சல்லடையில் மண்ணைச் சலித்து மணி தேடித் தேடியே என் கண் பழகியது.

முதலில் மணி எந்த முறையில் செய்யப்பட்டது என்று பார்க்க வேண்டும். நகைக் கடைகளில் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் இதற்குப் போதும். உருகிய கண்ணாடியைக் கம்பியில் சுற்றிச் செய்த மணியானால், அதிலுள்ள குமிழ்களும் கோடுகளும் துளையைச் சுற்றி வளையமாக ஓடும். கண்ணாடியைக் குழலாக இழுத்து, பிறகு துண்டு துண்டாக நறுக்கிய மணியானால், அவை துளையின் போக்கிலேயே நீளவாக்கில் ஓடும். குமிழ்கள் உருண்டையாக இல்லாமல் ஊசி போல நீண்டிருக்கும். அச்சில் வார்த்ததானால் பொருத்து வரி ஒன்று விளிம்பில் தெரியும். செங்கல் நிற மணி ஒளி புகாதது. அதில் மேற்பரப்பின் கோடுகளைத்தான் தேட வேண்டும். பச்சையையும் நீலத்தையும் வெயிலுக்கு எதிரே பிடித்தால் உள்ளே இருக்கும் குமிழ்கள் தெரியும்.

நீங்கள் சொல்லும் சிறிய, ஒரே நிறமுள்ள, இழுத்துச் செய்த மணிகளுக்கு ஆய்வாளர் பீட்டர் ஃபிரான்சிஸ் 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று பெயரிட்டார். ஆப்பிரிக்காவின் கீழைக் கடற்கரையிலிருந்து கொரியா, ஜப்பான் வரை அவை கிடைத்திருப்பதுதான் அந்தப் பெயருக்குக் காரணம். அவை எப்படிச் செய்யப்பட்டன என்பதற்கான விடை, திருப்பதிக்கும் காளஹஸ்திக்கும் அருகிலுள்ள பாப்பாநாயுடுபேட்டையில், நம் காலம் வரை வேலை செய்துவந்த கைகளிலேயே இருந்தது. 'லாடா' என்னும் நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் உருகிய கண்ணாடியைப் பெரிய கூம்பாகத் திரட்டுவார்கள். குழாயின் உள்ளே ஒரு தண்டைச் செலுத்தி அந்தக் கூம்பின் நடுவே துளை உண்டாக்கி, அதை உலைக்குள் வைப்பார்கள். உலையின் மறுபக்கத்தில் அமர்ந்திருக்கும் கைதேர்ந்தவர், கொக்கியால் கண்ணாடியின் முனையைப் பற்றி இழுப்பார். அவர் கை ஓயாமல் இழுக்க இழுக்க, நடுவில் துளையுள்ள மெல்லிய கண்ணாடிக் குழல் மணிக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். அதை ஒடித்து, கத்தி முனையில் மணி மணியாக நறுக்கி, சாம்பலோடு கலந்து சட்டியில் மீண்டும் சூடேற்றினால் கூர்முனைகள் மழுங்கி உருண்டையாகும். துளை அடைபடாமல் காப்பது அந்தச் சாம்பல்தான்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இதே முறை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து இருந்ததால், இழுத்துச் செய்த மணி என்பதாலேயே அது பழையது என்று ஆகிவிடாது. எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்பதும், கண்ணாடியின் வேதிச் சேர்க்கையும்தான் காலத்தைச் சொல்லும். மண்ணில் நெடுங்காலம் கிடந்த கண்ணாடியிலிருந்து ஈரம் காரப் பொருளை மெல்ல மெல்ல உறிஞ்சிவிடும். அதனால் மேற்பரப்பு மங்கி, சிறு குழிகள் விழுந்து, சில வேளைகளில் வானவில் மினுக்கம் கொண்ட மெல்லிய தோல் படியும். இது இடத்துக்கு இடம் சீரில்லாமல் இருக்கும். துளையின் உட்புறத்திலும் இருக்கும். அமிலத்தில் நனைத்துப் பழசாக்கிய மணியோ எல்லாப் பக்கமும் ஒரே அளவில் மங்கியிருக்கும். நீங்கள் வாங்கி ஏமாந்த சரத்தில் அமிலம்கூட இல்லை, வெறும் சாயம்தான் போலிருக்கிறது.

அரியாங்குப்பத்தான்

ஊர்ப் பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டிலிருந்து அரிக்கமேடு நடந்து போகும் தூரம்தான். உங்கள் ஆயா சொன்னதில் மிகை ஏதும் இல்லை. அந்த இடம் வெளியுலகின் கண்ணில் பட்டதே ஊர்ப் பிள்ளைகளால்தான். 1937இல் பிரெஞ்சுப் பேராசிரியர் ழூவோ துப்ரேய் எங்கள் பிள்ளைகளிடமிருந்து மணிகளை விலைக்கு வாங்கினார். தரையில் கிடந்தவற்றைத் தாமும் பொறுக்கினார். அவற்றில் ஒரு மனித உருவம் செதுக்கிய கல் இருந்தது. அது அகஸ்டஸ் சீசரின் உருவம் என்று அவர் கருதினார். 1945இல் மார்ட்டிமர் வீலர் வந்து தோண்டினார், அடுத்து கசால் வந்தார், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் தோண்டினார்கள்.

என் மனத்தை நெடுநாளாக உறுத்தும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அரிக்கமேடு என்றாலே ரோமானியர் வந்து இறங்கிய இடம், மதுச்சாடி உடைந்து கிடந்த இடம் என்றுதான் பேசுகிறார்கள். ரோமானியர் வருவதற்கு முன்பும் அங்கே மக்கள் இருந்தார்கள், அவர்கள் வரவு நின்ற பிறகும் இருந்தார்கள் என்பதைப் பெக்லியின் அகழாய்வு தெளிவாக்கியது. அந்த மக்கள் உலை மூட்டிக் கண்ணாடி இழுத்தார்கள். வந்தவர்கள் விட்டுப்போன சாடியின் ஓட்டுக்குக் கிடைக்கும் மதிப்பு, இருந்தவர்கள் செய்த மணிக்குக் கிடைக்காமல் போவது நியாயமா?

இன்று அது பாதுகாக்கப்பட்ட இடம். பாசி பொறுக்குவது கூடாது. ஆயா காலத்தில் அது பிள்ளைகளின் விளையாட்டு. பிறகு விலை பேசி வாங்குபவர்கள் வந்தபோது பிழைப்பாகிவிட்டது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசக் கூடாது என்பது என் கருத்து.

நூலிழை

எல்லோருக்கும் நன்றி. லென்ஸ் வாங்கி, நேற்றுக் காலை வெயிலில் மாடியில் உட்கார்ந்து ஒவ்வொரு மணியாகப் பார்த்தேன். பச்சை மணிகளுக்குள் குமிழ்கள் ஊசி போலத் துளையின் போக்கிலேயே நீண்டிருக்கின்றன. செம்மணிகளில் சிலவற்றில் கறுப்புக் கீற்றுகள் நீளவாக்கில் ஓடுகின்றன; ஒன்றில் பச்சை நிறமே ஒரு பக்கம் படர்ந்திருக்கிறது. மேற்பரப்பில் ஊசி குத்தியது போன்ற குழிகள் இருக்கின்றன, துளையின் வாயிலும் உண்டு.

இன்னொன்றையும் கண்டேன். சரத்தின் கொக்கிக்கு அருகில் இரண்டு மணிகள் ஒட்டிக்கொண்டு இரட்டையாக இருக்கின்றன. அதற்கு அடுத்ததாக இருப்பது மணியே இல்லை. அரை விரற்கடை நீளமுள்ள சிவப்புக் குழல் துண்டு. அதன் இரு முனைகளும் மழுங்கவில்லை, விரலைக் கீறும் அளவுக்குக் கூர்மையாக இருக்கின்றன. இவற்றை ஏன் ஆயா சேர்த்துக் கோத்தார் என்று புரியவில்லை.

குழிக்கோடு

அந்தக் குழல் துண்டைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் சரத்திலேயே அதிகம் பேசக்கூடியது அதுதான். வணிகத்துக்குப் போன மணி எங்கு வேண்டுமானாலும் கிடைக்கும். நறுக்காத குழலையும், சட்டியில் சூடேற்றும்போது ஒன்றோடொன்று ஒட்டிப் பாழான இரட்டை மணியையும் யாரும் விலை கொடுத்து வாங்கிக் கடல் கடந்து கொண்டுபோவதில்லை. அவை பட்டறையின் கழிவு. கழிவு கிடக்கும் இடத்தில்தான் தொழில் நடந்திருக்கும். பழனிக்கு அருகே பொருந்தலில் 2009, 2010 ஆண்டுகளில் பேராசிரியர் கா. ராஜன் நடத்திய அகழாய்வில் கண்ணாடி மணிகளோடு உலையும் கிடைத்தது என்பதால்தான் அந்த இடம் அவ்வளவு முக்கியமானது.

பச்சை படர்ந்த மணியைப் பற்றி: செங்கல் நிறம் செம்பினால் வருவது. உலையில் காற்று குறைந்து, தீ அடங்கி எரிந்தால்தான் செம்பு சிவப்பாக நிற்கும். காற்று சற்று மிகுந்தாலும் அதே செம்பு பச்சைக்கு மாறிவிடும். ஒரு மணியின் பக்கத்தில் பச்சை படர்ந்திருக்கிறது என்றால், அந்தக் குழலை இழுத்தபோது தீ ஒரு நொடி கை மீறியது என்று பொருள். அளவுமானியோ வெப்பமானியோ இல்லாமல், தீயின் நிறத்தை மட்டும் கண்ணால் பார்த்து இவ்வளவு சிவப்பை எடுத்தவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

கடாரத்தான்

மலேசியாவின் கெடாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் மாநிலத்தில் சுங்கை மாஸ் என்னும் இடத்திலும், பேராக் கரையோரத்தில் கோலா செலின்சிங்கிலும் இதே வகை மணிகள் ஏராளமாகக் கிடைத்தன. அங்கேயே செய்ததற்கான தடயங்களும் உண்டு. தாய்லாந்தின் குலோங் தோம், வியட்நாமின் ஓக் எயோ ஆகிய பழந்துறைமுகங்களும் இந்த வரிசையில் வருபவை. மணி மட்டும் கப்பலேறவில்லை, மணி செய்யும் வித்தையும் கப்பலேறியது என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

கிழக்கே போகப் போக இந்த மணியின் மதிப்பு உயர்ந்துகொண்டே போகிறது. திமோர்த் தீவில் செங்கல் நிற, செம்மஞ்சள் நிற மணிகளை 'முத்திசாலா' என்பார்கள். திருமணத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்குக் கொடுக்கும் சீரில் அது இடம்பெறும். சரவாக்கில் கெலாபிட் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வந்த மணிகளை நெருக்கமாகக் கோத்துத் தொப்பியாகவே அணிகிறார்கள். பலாவ் தீவுகளிலோ பழங்கண்ணாடி மணிகளும் வளையல் துண்டுகளும் பணமாகவே புழங்கின. கொரியாவில் 1971இல் திறக்கப்பட்ட பேக்சே அரசர் முரியோங்கின் கல்லறையில் ஆயிரக்கணக்கான கண்ணாடி மணிகள் இருந்தன; இந்த இனத்து மணிகளும் அவற்றில் உண்டு. காக்காயன்தோப்பில் ஒரு சிறுமி பாவாடையில் முடிந்துகொண்ட பொருளின் இனத்தை, வேறொரு கரையில் அரசனோடு வைத்துப் புதைத்திருக்கிறார்கள்.

மாந்தைக் காற்று

மன்னாரிலிருந்து வணக்கம். மாந்தையின் பெயரையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். திருக்கேதீச்சரக் கோயிலைச் சுற்றியுள்ள மேடுதான் அந்தப் பழைய துறைமுகம். 1980 தொடக்கம் 1984 வரை அங்கே அகழாய்வு நடந்தது; கண்ணாடி மணிகள் நிறையக் கிடைத்தன. பின்னர் போர் வந்ததால் வேலை நின்று போனது. சிறு வயதில் நாங்களும் மழைக்குப் பிறகு அந்த மண்ணில் மணி கண்டிருக்கிறோம். நூலிழை அவர்களின் ஆயா சொன்ன கதை என் அம்மம்மா சொன்ன கதையாகவே என் காதில் விழுந்தது.

பழஞ்சரக்கு

நீலச் சரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நான் முப்பது ஆண்டுகளாக ஐரோப்பிய மணிகளைச் சேர்ப்பவன். ஆறு பக்கக் குழலை நறுக்கி, மூலைகளைச் சாணையில் பட்டை தீட்டிய அடர்நீல மணி பெரும்பாலும் பொஹீமியாவைச் சேர்ந்தது, அதாவது இன்றைய செக் நாடு. 19ஆம் நூற்றாண்டில் அவை உலகெங்கும் ஏற்றுமதியாயின. அலாஸ்கா வரை ரஷ்ய வணிகர்கள் கொண்டுபோனதால் 'ரஷ்ய நீலம்' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. மூலைப் பட்டைகள் ஒன்றுபோல் இல்லாமல் கோணலாக இருந்தால் கையால் தீட்டியது என்று கொள்ளலாம். உங்கள் ஆயாவின் மாமியாருக்கு அது கடையிலிருந்தே வந்திருக்கக்கூடும்.

பொஹீமியாவுக்கு முன்னோடி வெனிஸ். 1291இல் தீ விபத்துக்கு அஞ்சிக் கண்ணாடி உலைகளை முரானோ தீவுக்கு மாற்றினார்கள். அங்கும் குழலை இழுத்துத்தான் சிறுமணி செய்தார்கள். ஆனால் ஒருவர் அமர்ந்து இழுக்கும் நம் முறை அல்ல அது. உருகிய கண்ணாடியின் இரு முனைகளையும் இருவர் பற்றிக்கொண்டு, நீண்ட கூடத்தில் எதிரெதிர்த் திசையில் ஓடுவார்கள். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே பிறந்த 'ரோசெட்டா' மணியை நான் முதன்முதலில் கையில் எடுத்த நாள் இன்னும் நினைவில் இருக்கிறது. நீலம், வெள்ளை, சிவப்பு என்று அடுக்கடுக்காக ஓடும் கண்ணாடியின் வெட்டுமுகத்தில் பன்னிரண்டு முனை நட்சத்திரம் ஒன்று இருக்கிறது. அது மேலே வரைந்தது அல்ல, மணியின் உடம்பு முழுவதும் ஊடுருவி ஓடுவது. ஆப்பிரிக்கக் கரையில் அந்த மணிகள் பொன்னுக்கும் தந்தத்துக்கும் மட்டுமல்லாமல் மனிதர்களுக்கும் விலையாகக் கொடுக்கப்பட்டன. அதை மறந்துவிட்டு அதன் அழகை மட்டும் பேச எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஒரு கருத்தில் மட்டும் மாறுபடுகிறேன். அரிக்கமேட்டு மணியை விலைக்கு வாங்குவதே தவறு என்பது போன்ற தொனி இங்கே இருக்கிறது. யாரும் வாங்காவிட்டால் அவை மண்ணோடு மண்ணாகவோ ஆற்றோடோ போயிருக்கும். சேர்ப்பவர்களால்தான் பல சரங்கள் பிழைத்தன.

அரியாங்குப்பத்தான்

ஐயா, உங்கள் அக்கறையில் எனக்கு ஐயம் இல்லை. ஆயினும் ஆற்றோடு போனதைவிடக் கடப்பாரையோடு போனதுதான் அதிகம் என்று நினைக்கிறேன். மழை அரித்த இடத்தில் ஒரு கை மணி கிடைக்கும். விலை கிடைக்கும் என்று தெரிந்தால் இரவில் குழி தோண்டுவார்கள். குழிக்கோடு அவர்கள் சொன்னபடி மணிக்கு வயது தருவது அது கிடந்த அடுக்கு. தோண்டி எடுத்துக் கடையில் தொங்கவிட்ட மணியிடம் எதைக் கேட்பது? சட்டமும் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுகளைக் கடந்தவை தொல்பொருள்கள். அவற்றை உரிமம் இல்லாமல் விற்கவோ, தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யவோ கூடாது.

பழஞ்சரக்கு

அடுக்கைப் பற்றிய வாதத்தை ஏற்கிறேன். என்னிடம் உள்ள மூன்று செம்மணிச் சரங்களும் எந்த ஊர் மண் என்று எனக்கே தெரியாதவை. விற்றவரிடம் நான் கேட்டதும் இல்லை, கேட்டிருக்க வேண்டும்.

சரடு

விவாதம் நல்ல இடத்துக்கு வந்திருக்கிறது. நான் என் வேலையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

பழைய மணியை ஏன் விரும்புகிறோம் என்று என்னிடம் கோக்கக் கொடுப்பவர்கள் பல காரணங்கள் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த காரணம் கையில் இருக்கிறது. இயந்திரத்தில் செய்த மணிகளைக் கோத்தால் சரம் ஒரு குழாய் போல நேராக விறைத்து நிற்கும். கையால் நறுக்கிய மணிகளின் வெட்டு ஒவ்வொன்றும் ஒரு சாய்வு என்பதால் சரம் இங்கும் அங்கும் நெளிந்து, கழுத்தின் வளைவில் தானே படிந்து உட்காரும். நெடுநாள் அணிந்த மணிகளின் துளை விளிம்புகள் ஒன்றோடொன்று உரசி வழவழப்பாகிவிடும். விரல் நுனியால் தடவினால் புதிய மணிக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு கண்ணை மூடிக்கொண்டும் தெரியும்.

நூலிழை, கம்பியில் கோக்காதீர்கள். உலோகம் துளை விளிம்பை அறுத்துவிடும். தேன்மெழுகு தடவிய பருத்தி நூலோ பட்டு நூலோ போதும். பொடிமணிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் இடையே முடிச்சு வேண்டாம். பத்திருபது மணிக்கு ஒன்று போட்டால், அறுந்தாலும் முழுச் சரமும் சிதறாது. கூர்மை மழுங்காத அந்தக் குழல் துண்டைச் சரத்தில் சேர்க்க வேண்டாம். அது நூலையும் அறுக்கும், அருகிலுள்ள மணியையும் கீறும்.

பழையதையும் புதியதையும் ஒரே சரத்தில் கலக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பொன்னும் பவளமும் முத்தும் மணியும் வெவ்வேறு தொலைவிடங்களில் பிறந்தாலும் ஓர் அணிகலனில் கோக்கும்போது ஒன்று சேர்கின்றன என்று புறநானூற்றில் கண்ணகனார் பாடியிருக்கிறார். ஆகவே கலப்பது நம் மரபுக்குப் புதிதல்ல. ஆனால் எது எந்தக் காலத்தது என்று ஒரு தாளில் எழுதி நகையோடு வையுங்கள். உங்களுக்குப் பின் வருபவர் ஏமாறக் கூடாது.

நூலிழை

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன், தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழல் துண்டையும் இரட்டை மணியையும் பருத்தி விரித்த சிறு பெட்டியில் தனியாக வைத்து, ஆயாவின் பிறந்த ஊர், அவர் பொறுக்கியதாகச் சொன்ன இடம், எங்கள் வீட்டில் யார் அதைக் கேட்டோம் என்பவற்றை எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். படங்களை இணைத்துப் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குக் கடிதமும் எழுதியிருக்கிறேன். அவர்கள் கேட்டால் அந்த இரண்டையும் கொடுத்துவிட அப்பாவும் அத்தையும் சம்மதித்துவிட்டார்கள். நீலச் சரத்தின் மூலைப் பட்டைகள் பழஞ்சரக்கு அவர்கள் சொன்னபடியே கோணலாக இருக்கின்றன. அதை அத்தை எடுத்துக்கொண்டார்.

செம்மணிகளை நேற்று கோத்து முடித்தேன். மொத்தம் 386 மணிகள். எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே வரிசையில் கோத்தேன். புதிய மணி எதையும் சேர்க்கவில்லை. பழைய நூலை விரித்துப் பார்த்தபோது, அறுந்து அறுந்து ஆயா மறுபடி மறுபடி இணைத்த முடிச்சுகள் ஒன்பது இருந்தன. புதிய நூலிலும் அந்த ஒன்பது இடங்களிலேயே முடிச்சுப் போட்டிருக்கிறேன்.